காலியாக விடப்பட்ட எட்டாம் புலம்

ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கிய காலத்திலேயே பயனர் கணக்கு என்ற ஏற்பாடும் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப் பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டியது. அதற்கு முன்பெல்லாம் துளையிட்ட அட்டைக் கட்டைக் கணினி அறையில் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு தட்டச்சு முனையத்தின் முன் அமர்ந்து வேலை பார்க்க முடிந்தது. கணினி நேரத்துக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. யாருக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கோப்பு யாருடையது என்று வகுத்துவைக்க ஆளுக்கொரு கணக்கும், அதைக் காக்க ஒரு கடவுச்சொல்லும் வந்தன.

ஏற்பாட்டின் பலவீனங்களும் உடனே வெளிப்பட்டன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட வாரம் நான்கு மணி நேரம் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும் சேவை ஒன்று அங்கே இருந்தது. துளையட்டையில் கடவுச்சொல் கோப்பின் பெயரைக் குறித்து அவர் உள்ளே கொடுத்தார். எல்லோருடைய கடவுச்சொற்களும் தாளில் அச்சாகி வந்துவிட்டன. 1966இல் இன்னொரு விபத்து. ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நிர்வாகக் கணக்கின் அடைவில் இருந்தார்கள். திருத்தும் மென்பொருளோ ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி, தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. கோப்புகள் இடம் மாறின. அடுத்து உள்நுழைந்தவர்களின் முனையத்தில் அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஆளுக்கொரு கணக்கு என்ற விதியை நிர்வாகிகளே தங்கள் வசதிக்காகத் தளர்த்திக்கொண்டதன் விளைவு இது.

இன்று வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் எல்லாமே பலர் புழங்கும் சர்வர்களை நம்பி நடக்கின்றன. அவற்றில் மிகப் பல லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸின் கணக்கு முறையோ 1970களில் யூனிக்ஸில் போட்ட அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அந்த முறையின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது: கருவி நல்ல கருவி. ஆனால் கணக்கைத் திறப்பதில் நாம் காட்டும் அக்கறையை முடித்துவைப்பதில் காட்டுவதில்லை. கடவுச்சொல்லுக்குக் காலக்கெடு விதித்தோம், கணக்குக்கு விதிக்கவில்லை. பெருந்தீங்குகள் பல இந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்திருக்கின்றன.

ஏழு புலங்களின் வலிமை

கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய யூனிக்ஸ், கணக்குகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் வைத்தது. பாஸ்வேர்டு என்ற அந்தக் கோப்பு இன்றும் இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு பயனர். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள். கணக்குப் பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, அவருடைய வீட்டு அடைவு, உள்நுழைந்ததும் தொடங்க வேண்டிய, கட்டளைகளை ஏற்கும் ஷெல் நிரல். அவ்வளவுதான். எந்தத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். நள்ளிரவில் சர்வர் நின்றுபோய், வேறு எந்த மென்பொருளும் வேலை செய்யாத நிலையிலும் ஒரு நிர்வாகியால் இந்தக் கோப்பைக் கண்ணால் பார்த்துச் சிக்கலைக் கண்டுபிடிக்க முடியும். நிர்வாகக் கருவிகளில் இந்த வெளிப்படைத்தன்மை அரிது.

இரண்டாவது நிறை, பெயரையும் ஆளையும் பிரித்துவைத்தது. இயக்க முறைமையின் மையமான கர்னலுக்குப் பயனரின் பெயர் தெரியாது; எண் மட்டுமே தெரியும். கோப்பின் உரிமையாளர் என்று வட்டில் எழுதப்படுவதும் அந்த எண்தான். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்பவரும், பாலின மாற்றத்துக்குப் பின் புதுப் பெயர் ஏற்கும் திருநங்கையும் தங்கள் பழைய கோப்புகள் ஒன்றைக்கூட இழக்காமல் புதிய பெயரில் தொடரலாம். நிர்வாகி ஒரே ஒரு யூசர்மாட் கட்டளையில் பெயரை மாற்றிவிட முடியும். வீட்டு அடைவுக்கு மட்டும் பழைய பெயரே நிற்கும்; அதையும் நகர்த்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

நம் ஊர் நிர்வாகிகள் பயன்படுத்திக்கொள்ளாத வசதியும் இதுவே. முதலெழுத்தோடு குடும்பப் பெயரைச் சேர்த்துக் கணக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தைப் பல நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன. தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை விரித்துக் கடைசிப் பெயராக நிரப்பும்போது, மகளின் கணக்குக்குத் தந்தையின் பெயர் வந்துவிடுகிறது. அலுவலகம் முழுக்க அவரை அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்குகிறது. கணினியைப் பொறுத்தவரை இந்தக் கட்டாயத்துக்குத் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது மோதாத ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. அவரவர் அழைக்கப்பட விரும்பும் பெயரை வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. நிர்வாகப் பழக்கம்தான் தடை.

மூன்றாவது நிறை, ரிட்சி கண்டுபிடித்த செட்-யூ.ஐ.டி. என்ற ஏற்பாடு. 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் அது கிடைத்தது. சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் கடவுச்சொல் கோப்பில் எழுதும் உரிமை அவருக்கு இருக்கக் கூடாது. இந்த முரணை ரிட்சி நேர்த்தியாகத் தீர்த்தார்: ஒரு நிரல், தன்னை ஓட்டுபவரின் உரிமையில் ஓடாமல் தன் உரிமையாளரின் உரிமையில் ஓடலாம். கடவுச்சொல்லை மாற்றும் நிரல், ரூட் எனப்படும் தலைமைக் கணக்கின் உரிமையில் ஓடி, கேட்டவரின் வரியை மட்டும் திருத்திவிட்டு முடிந்துவிடும். ஆள் உயர்த்தப்படுவதில்லை, வேலை மட்டும் உயர்த்தப்படுகிறது. அதே சமயம் இந்த உரிமையோடு ஓடும் ஒவ்வொரு நிரலும் பிழையின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற சுமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

கடவுச்சொல்லின் கதை

கடவுச்சொல்லை அப்படியே சேமித்துவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எம்.ஐ.டி. சம்பவங்கள் காட்டியிருந்தன. யூனிக்ஸ் அதை ஒருவழிக் கணக்கீட்டில் உருமாற்றி வைத்தது. உருமாறியதிலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழி இல்லை. ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. பயனர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேர் ஒற்றை எழுத்தையும், 72 பேர் இரண்டு எழுத்தையும், 464 பேர் மூன்று எழுத்தையும் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். அகராதிச் சொற்கள், பெயர்கள் போன்றவற்றையும் சேர்த்தால் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத் தக்கவை. அவர்கள் கண்ட மருந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்குவது, ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் தற்செயலான ஒரு சிறு எண்ணைக் கலப்பது. உப்பு என்று பெயர் பெற்ற அந்த எண் 12 பிட் நீளம். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் கோப்பில் 4,096 விதங்களில் ஒன்றாக அது பதிவாகும். அகராதி முழுவதையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒப்பிடும் திருடனின் உழைப்பை இது பல மடங்கு பெருக்கியது.

ஆனால் உருமாறிய கடவுச்சொற்கள் எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பிலேயே கிடந்தன. திருப்பிப் படிக்க முடியாத ஒன்றை மறைத்துவைக்கத் தேவையில்லை என்று கருதப்பட்டது. அந்த நம்பிக்கையை உடைத்தவர் மோரிஸின் மகனேதான். ராபர்ட் டப்பன் மோரிஸ் 1988 நவம்பர் 2 அன்று ஏவிய இணையப் புழு, சில மென்பொருள் ஓட்டைகளோடு பயனர் கணக்குகளையும் வழியாகக் கொண்டது. ஒவ்வொரு கணினியிலும் பாஸ்வேர்டு கோப்பைப் படித்து, முதலில் வெறுமையான கடவுச்சொல்லை முயன்றது. அடுத்து கணக்குப் பெயர், அதையே இருமுறை சேர்த்து எழுதியது, ஐந்தாம் புலத்தில் இருந்த ஆளின் பெயர், திருப்பி எழுதிய பெயர். அதிலும் திறக்காவிட்டால் தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள். நிர்வாகத்தின் வசதிக்காக எழுதிவைத்த குறிப்பே திருடனுக்கு வழிகாட்டியாயிற்று. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

உருமாறிய கடவுச்சொற்களை ரூட் மட்டுமே படிக்கக்கூடிய ஷேடோ என்ற தனிக் கோப்புக்கு மாற்றும் வழக்கம் அதன்பின் பரவலாயிற்று. பழைய கோப்பின் இரண்டாம் புலத்தில் இன்று ஒற்றை எழுத்து ஒன்று நிற்கிறது. கடவுச்சொல் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உருமாறிய கடவுச்சொற்கள் வெளிப்படையாகக் கிடந்த காலத்தில் கென் தாம்ப்சன் வைத்திருந்த சதுரங்க நகர்த்தல் ஒன்றின் குறியீடான கடவுச்சொல், பழைய மூலநிரல் தொகுப்பில் தங்கிப்போன கோப்பிலிருந்து 2019இல் உடைக்கப்பட்டது. நல்ல கடவுச்சொல் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு இது சான்று. எந்தக் கடவுச்சொல்லும் நிரந்தரம் இல்லை என்பதற்கும் இதே சான்று. தவறு நேர்ந்தது, ஆராய்ந்தார்கள், திருத்தினார்கள், மறுபடி தவறு நேர்ந்தது, மறுபடி திருத்தினார்கள். இந்தத் திருத்திக்கொள்ளும் இயல்பை இம்முறையின் பெரிய பெருமையாகவே சொல்ல வேண்டும்.

பூஜ்ஜியம் என்ற அதிகாரம்

பெருமை முடிகிற இடம் பயனர் எண் பூஜ்ஜியம். அந்த எண்ணுக்குரியவர் ரூட். கோப்பு அனுமதிகள் அவரைத் தடுக்காது. யாருடைய கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், யாராகவும் மாறலாம். மற்ற எல்லா எண்களும் சாதாரணக் குடிகள். நடுவில் படிநிலைகளே இல்லை. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு பயனருக்கும் நிரலுக்கும் தன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார்கள். யூனிக்ஸின் ரூட் இந்தக் கொள்கைக்கு நேர் எதிரானது. அச்சுப்பொறியை மறுபடி தொடங்கி வைக்க வேண்டிய ஊழியருக்கும் சர்வர் முழுவதையும் அழிக்கும் அதிகாரத்தைத் தர வேண்டிய நிலை.

இதற்கான ஒட்டுப்பணியாக 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் சூடோவை எழுதினார்கள். யார், எந்தக் கணினியில், எந்தக் கட்டளையை, யாருடைய உரிமையில் ஓட்டலாம் என்று ஒரு கோப்பில் வரையறுக்கலாம். ரூட்டின் கடவுச்சொல்லைப் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் தன் கடவுச்சொல்லையே கொடுக்கிறார். யார் எப்போது என்ன செய்தார் என்பது பதிவாகிறது. பொறுப்பைப் பெயரோடு கட்டிவைத்த வகையில் சூடோ பெரும் முன்னேற்றம்.

நடைமுறையோ வேறு. பல சர்வர்களில் அந்தக் கோப்பைத் திறந்தால் நுணுக்கமான வரையறைகள் கண்ணில் படுவதில்லை. இந்தக் குழுவில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் செய்யலாம் என்ற ஒற்றை வரியே இருக்கும். திருத்தியை மட்டும் அனுமதித்திருக்கும் இடங்களிலும், அந்தத் திருத்திக்குள்ளிருந்தே ஷெல்லைத் திறந்து ரூட்டாக உலவ முடியும் என்பதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். சூடோவே பிழையற்றதும் இல்லை. 2011 ஜூலையில் அதன் நிரலில் புகுந்த ஒரு பிழை 2021 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அனுமதிப் பட்டியலில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதன் வழியே ரூட் ஆகிவிடலாம். காவலுக்கு வைத்த நிரலே செட்-யூ.ஐ.டி. உரிமையோடு ஓடுவதால் அதன் சிறு பிழையும் முழு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ரூட்டின் அதிகாரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் முயற்சியை லினக்ஸ் 1999 வாக்கில் தொடங்கியது. ஆனால் எந்தத் துண்டில் சேர்ப்பது என்று தெரியாத உரிமைகளையெல்லாம் நிரலாளர்கள் ஒரே துண்டில் போட்டுப் போட்டு, அந்த ஒரு துண்டே ஏறத்தாழ இன்னொரு ரூட் ஆகிவிட்டது.

இந்த அதிகாரக் குவிப்பின் மீது அடிப்படையான எதிர்ப்பும் எழுந்தது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வளர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், கடவுச்சொல்லே இல்லாத, எல்லோரும் எல்லாவற்றையும் திருத்தக்கூடிய கணினியில் பழகியவர். 1984இல் அங்கே சிலர் இயக்குநர் கடவுச்சொல்லை மாற்றி, மற்றவர்களுக்குத் தெரியாமல் அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள முயன்றதை அவர் பதிவுசெய்திருக்கிறார். அதனால்தான், ரூட்டாக மாறும் உரிமையை ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் அடைக்கும் வசதியைக் குனு திட்டத்தில், ஒரு பயனர் இன்னொருவராக மாற உதவும் 'சு' கட்டளையில் அவர் சேர்க்கவில்லை.

கணக்கு நிர்வாகம் பாதுகாப்பு மட்டுமே சார்ந்ததில்லை, அதிகாரப் பங்கீடும் ஆகும் என்ற அவருடைய பார்வை சரியானது. அந்தப் பார்வை இன்றைய சர்வர் அறைகளுக்குள் நுழைவதே இல்லை. யாருக்கு என்ன உரிமை என்பதை எந்த விளக்கமும் தராமல் ஒரு நிர்வாகியே முடிவுசெய்துவிடுகிறார். ஆனால் ஸ்டால்மனின் தீர்வை ஏற்பதற்கில்லை. ஒருவரையொருவர் நேரில் அறிந்த ஆய்வகத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு, நோயாளிகளின் பதிவேடு இருக்கும் மருத்துவமனைக்குப் பொருந்தாது. அங்கே கோப்பின் உரிமையாளர் சர்வரில் கணக்கே இல்லாத நோயாளி. அவர் சார்பில் யாராவது பொறுப்பேற்றே ஆக வேண்டும். அதற்கு ஆளுக்கொரு கணக்கு தேவை.

முடித்துவைக்காத கணக்குகள்

நிறை குறைகளின் தராசு தீர்மானமாகச் சாய்வது கணக்கு முடியும் இடத்தில். 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். ஹன்டர் என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது. அதற்குக் கட்டணச் சீட்டு அனுப்ப முகவரி இல்லை. முறையாக யாரும் அதைத் திறக்கவில்லை. அதை நீக்கிய பிறகும் ஊடுருவல் நிற்கவில்லை. இங்கிலாந்துக்குப் போய்விட்ட ஒரு பழைய பயனரின் கணக்கு இயங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை, கணக்கு விழித்திருந்தது. ஈமாக்ஸ் என்ற திருத்தியின் தொகுப்பில் இருந்த ஒரு சிறு அஞ்சல் நிரல் ரூட் உரிமையோடு நிறுவப்பட்டிருந்ததால், ஊடுருவியவர் அதன் வழியே முழு அதிகாரமும் பெற்றார். மாதக்கணக்கில் தடம் பிடித்துச் சென்றபோது மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் சிக்கினார். அமெரிக்க ராணுவக் கணினிகளிலிருந்து எடுத்தவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இதே கதை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்களை நிறுத்த வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து இணைவதற்கான பழைய கணக்கு ஒன்று பயன்பாட்டில் இல்லாமல், ஆனால் மூடப்படாமல் கிடந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும் அதற்கு இல்லை. அந்தக் கணக்கு வழியே நுழைந்தவர்களுக்கு நிறுவனம் ஏறத்தாழ 44 லட்சம் டாலர் கொடுத்தது. பெட்ரோல் நிலையங்களின் முன் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அந்தக் கடவுச்சொல் சிக்கலான ஒன்றுதான் என்று நிறுவனத் தலைவர் செனட் குழுவிடம் சொன்னார். சொல்லின் வலிமை உதவவில்லை. கணக்கு உயிரோடு இருந்ததே போதுமானதாயிற்று.

முடித்துவைக்க நினைப்பவருக்கும் லினக்ஸ் எளிதாக வழிவிடுவதில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார்; நிர்வாகி யூசர்மாட் கட்டளையால் கணக்கைப் பூட்டுகிறார். உண்மையில் நடப்பது ஷேடோ கோப்பில் அவருடைய உருமாறிய கடவுச்சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்வது மட்டும்தான். எந்தக் கடவுச்சொல்லும் இனி அதோடு பொருந்தாது. ஆனால் அவர், தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையின் சாவியால் உள்நுழைபவராக இருந்தால், கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டமே வராது. பல சர்வர்களில் பூட்டிய பிறகும் அவரால் வந்துபோக முடியும். கட்டளையின் கையேடு இதை எச்சரிக்கிறது. கையேட்டைப் புரட்டாதவர் பூட்டிவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். கணக்கில் அவர் முன்பே தொடங்கிவைத்த நிரல்களும் நிற்பதில்லை.

சரி, கணக்கை அடியோடு நீக்கிவிடலாம் என்றால், வேறு வகைச் சிக்கல். யூசர்டெல் கட்டளை பெயரை நீக்கும்; வீட்டு அடைவையும் அழிக்கச் சொன்னால் அழிக்கும். சர்வரின் மற்ற மூலைகளில் அவர் உருவாக்கிய கோப்புகள் அப்படியே கிடக்கும். பட்டியலிட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் 1004 என்று வெறும் எண் தெரியும். அடுத்த வாரம் புதிதாக ஒருவர் சேர்கிறார். இருப்பவற்றில் மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்த எண்ணை லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். கடைசியாகச் சேர்ந்தவரே நீக்கப்பட்டிருந்தால் புதியவருக்கும் 1004 கிடைக்கும். அந்த நொடியில் பழையவரின் கோப்புகள் அத்தனையும் புதியவருடையவை ஆகிவிடுகின்றன. சம்பளப் பட்டியலோ, நோயாளிக் குறிப்போ, யாரும் கொடுக்காமலே கைமாறிவிடுகிறது. வீட்டைக் காலி செய்தவரின் பூட்டிய பெட்டிகளை, அறை எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் புதுக் குடித்தனக்காரரிடம் சாவியோடு ஒப்படைப்பது போன்றது இது. பெயரையும் ஆளையும் பிரித்துவைத்த அதே அழகிய ஏற்பாடு, எண்ணையும் ஆளையும் பிணைத்துவைக்க மறந்துவிட்டது.

தவறான புலத்தில் வைத்த கெடு

இவ்வளவுக்கும் மருந்து கோப்பிலேயே இருக்கிறது. ஷேடோ கோப்பின் ஒவ்வொரு வரியிலும் ஒன்பது புலங்கள். ஐந்தாம் புலம், கடவுச்சொல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது. எட்டாம் புலம், கணக்கே எந்த நாளோடு முடிய வேண்டும் என்பது. 1970 ஜனவரி 1 முதல் நாட்களை எண்ணி எழுதப்படும். அந்த நாள் கடந்துவிட்டால், எஸ்.எஸ்.எச். சேவை கணக்கின் செல்லுபடியைச் சரிபார்க்கும்படி வழக்கம்போல் அமைந்திருக்கும் சர்வர்களில் சாவி கொண்டுவருபவரும் உள்ளே போக முடியாது.

உலகம் முழுக்க நிர்வாகிகள் ஐந்தாம் புலத்தைத்தான் நிரப்பினார்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்று தணிக்கையாளர்களும் வலியுறுத்தினார்கள். அதன் பலன் என்ன? வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய கணக்குகளை ஆராய்ந்தார்கள். முந்தைய கடவுச்சொல் தெரிந்தால், கணினியை வைத்துச் சில நொடிகளில் புதியதை 41 விழுக்காடு வரை கண்டுபிடிக்க முடிந்தது. 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து ஊகங்களுக்குள்ளேயே விடை கிடைத்தது. மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள், எழுத்தைக் குறியாக மாற்றுகிறார்கள், தாளில் எழுதி விசைப்பலகைக்குக் கீழே செருகுகிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. நம் அலுவலகங்கள் பலவற்றில் அந்தப் பழைய விதி இன்னும் ஆட்சி செய்கிறது.

எட்டாம் புலமோ காலியாகக் கிடக்கிறது. புதுக் கணக்கைத் திறக்கும்போது லினக்ஸ் தானாக அதை நிரப்புவதில்லை; காலியாக இருந்தால் கணக்கு என்றென்றைக்கும் செல்லும் என்று பொருள். மூன்று மாதப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கும், ஒரு வேலையை முடித்துக்கொடுக்க வரும் ஒப்பந்தக்காரருக்கும், முப்பது ஆண்டுப் பணியில் இருப்பவருக்கும் ஒரே விதமான நிரந்தரக் கணக்கு. நேர்மையாக வேலை பார்ப்பவரை ஐந்தாம் புலத்தால் தொல்லைப்படுத்துகிறோம். வெளியேறிவிட்டவரின் கணக்கை எட்டாம் புலத்தால் தடுக்காமல் விடுகிறோம்.

எட்டாம் புலத்தை நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் கணக்கு நள்ளிரவில் கெடு முடிந்து பூட்டிக்கொண்டால் ஆபத்து நோயாளிக்கு. அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த நாளே வார்டுக்குப் பொதுவாக ஒரு கணக்கைத் திறந்துகொள்வார்கள். எல்லோரும் அதிலேயே வேலை செய்வார்கள். உள்நுழைவுப் பதிவைக் காட்டும் லாஸ்ட் கட்டளையை ஓட்டினால், ஒரே பெயர் ஒரே நேரத்தில் மூன்று கணினிகளில் இருப்பதாகத் தெரியும். மருந்தின் அளவை மாற்றியது அவர்களில் யார் என்று சொல்ல எந்தப் பதிவாலும் முடியாது. பொதுக் கணக்கின் ஆபத்து எம்.ஐ.டி.யில் 1966இல் தெரிந்துவிட்டது; இன்றும் நம் அலுவலகங்களில் அட்மின் என்ற பெயரில் அது தொடர்கிறது.

எல்லாக் கணக்குகளையும் எல்.டி.ஏ.பி., ஆக்டிவ் டைரக்டரி போன்ற மையத் தொகுப்பில் வைத்துவிட்டால் போதும் என்பவர்களின் வாதத்திலும் பாதி உண்மை உண்டு. ஐம்பது சர்வர்களில் தனித்தனியாக நீக்க வேண்டிய கணக்கை அங்கே ஓரிடத்தில் நீக்கலாம். ஆனால் யாராவது வந்து நீக்கினால்தான். ஆள் போய்விட்ட செய்தி மனிதவளப் பிரிவிலிருந்து கணினிப் பிரிவுக்கு வரவேண்டும். பெரும்பாலும் அது வருவதில்லை. மையத் தொகுப்பு மறதியைக் குணப்படுத்தாது. மறந்துபோன ஒரு கணக்குக்கு ஐம்பது சர்வர்களையும் ஒருசேரத் திறந்துவிடும்.

கெடுவைக் கத்தியாக நினைக்காமல் ஒரு கேள்வியாக அமைப்பதே இதற்கு விடை. கணக்கைத் திறக்கும்போதே, கேட்டவரின் பணிக்காலத்துக்கு ஏற்ப முடிவு நாள் எழுதப்பட வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு ஓராண்டு. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே, அவருடைய துறைத் தலைவரிடம் கேள்வி போகட்டும்: இவர் இன்னும் இருக்கிறாரா, இந்த உரிமைகள் இவருக்கு இன்னும் தேவையா? ஆம் என்றால் புதுப்பிப்பது ஒரு நிமிட வேலை. பதில் வராவிட்டால் பகல் நேரத்தில், உதவிக்கு ஆள் இருக்கும்போது, கணக்கு நிற்கட்டும். நின்ற கணக்கை உடனே அழிக்கக் கூடாது. எண்ணை யாருக்கும் திரும்பத் தரவே கூடாது. உரிமையாளர் இல்லாத கோப்புகளைத் தேடித் தரும் வசதி ஃபைண்ட் கட்டளையில் இருக்கிறது; அதை மாதம் ஒருமுறை ஓட்டி, கிடைத்தவற்றை யாருடைய பொறுப்பிலாவது சேர்க்க வேண்டும். பொதுக் கணக்கு தவிர்க்கவே முடியாத இடத்தில், அதற்குள் நேராக நுழைய விடாமல், அவரவர் கணக்கில் நுழைந்து சூடோ வழியே போகச் செய்தால் பெயர் பதிவில் நிற்கும். லினக்ஸின் தணிக்கை வசதி, ஒருவர் ரூட்டாக மாறிய பிறகும் அவர் முதலில் நுழைந்த எண்ணையே நினைவில் வைத்திருக்கிறது. அதை இயக்கி வைப்பதற்கு மனம் மட்டுமே வேண்டும்.

பயனர் கணக்கு முறையை எடைபோட்டால் அதன் அடிப்படை உறுதியானது. எளிமை, வெளிப்படைத்தன்மை, தன் தவறிலிருந்து கற்கும் இயல்பு ஆகிய மூன்றும் அதை ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்திருக்கின்றன. ரூட்டின் வரம்பற்ற அதிகாரம் அதன் பிறவிக் குறை. அதை முழுதும் போக்க முடியாவிட்டாலும் சூடோவை அக்கறையோடு வரையறுத்தால் கட்டுக்குள் வைக்கலாம். முடியாத கணக்குகளோ பிறவிக் குறையே இல்லை; அதற்கான புலத்தை முன்னோர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நிரப்பாதது நம் குறை. ஒரு கணக்கைத் திறக்கக் கையெழுத்துப் போடுபவர், அது எந்த நாளில் முடியும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு அலுவலகமும் விதியாக்க வேண்டும். அந்த நாள் எழுதப்படாத விண்ணப்பத்தை நிர்வாகி திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பும் நிர்வாகிக்கு அவருடைய நிறுவனம் துணை நிற்க வேண்டும்.